எந்த இரட்டைக் கண் கேமராவை வைத்துக்கொள்வது?

இரட்டை லென்ஸ் கேமராக்களில் ஆசை வைத்தவர் ஒன்றோடு நிற்பதில்லை. ரோலி வந்தால் பின்னாலேயே யாஷிகா வரும், அதன் பின்னால் மமியா. ஒருநாள் அலமாரியைத் திறந்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். அதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கட்சி. ஓடாமல் கிடக்கும் கேமரா கெட்டுப்போகும். ஷட்டருக்குள் எண்ணெய் பிசினாகும், ஃபோகஸ் மரையில் கிரீஸ் இறுகும், நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கும். நாலைந்தைப் பூட்டி வைப்பதைவிட ஒன்றை விடாமல் புழங்குவதுதான் அந்தக் கைவேலைக்கு நாம் செய்யும் மரியாதை.

இந்த உருவத்துக்கு மூலம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரம். பால் ஃபிராங்கேயும் ரைன்ஹோல்ட் ஹைடெக்கேயும் 1920இல் அங்கே தொடங்கிய கம்பெனி முதலில் ஸ்டீரியோ கேமராக்களைச் செய்தது. அவற்றில் இரு ஓரங்களிலும் படம் எடுக்கும் லென்ஸ்கள், நடுவே பார்ப்பதற்கு ஒன்று. அந்த வரிசையிலிருந்து ஒரு லென்ஸைக் கழித்துவிட்டு, மீதி இரண்டை மேலும் கீழுமாக நிறுத்தியபோது 1929இன் ரோலிஃபிளெக்ஸ் கிடைத்தது. மேல் லென்ஸ் காட்டுகிறது, கீழ் லென்ஸ் எடுக்கிறது. உள்ளே இருக்கும் கண்ணாடி அசைவதே இல்லை. அதனால் சாதாரண ரிஃப்ளெக்ஸ் கேமராவில் படம் விழும் அதே நொடியில் கண்முன் வரும் இருட்டு இதில் இல்லை. எதிரே இருப்பவர் கண் சிமிட்டினாரா என்பது எடுத்தவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

குனிந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் தனி ருசி. மூடியைத் திறந்தால் தேய்த்த கண்ணாடித் திரையில் சதுரமாக உலகம் விழுகிறது. இடம் வலம் மாறியிருக்கும். வலப்பக்கம் போகும் சைக்கிள் திரையில் இடப்பக்கம் போகும். பழகும்வரை கை தடுமாறும். பழகிய பிறகு அந்த மாற்றமே உதவிக்கு வருகிறது. தெரிந்த தெருவைத் தெரியாத தெருபோலப் பார்க்க நேர்வதால், கோடுகளும் நிழல்களும் எங்கே கனக்கின்றன என்று கண் தானாகத் தேடத் தொடங்கும். எதிரில் நிற்பவருக்கும் முகத்தை மறைத்து நீட்டிய கருவி தெரிவதில்லை, தலை குனிந்த ஒரு மனிதர்தான் தெரிகிறார்.

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மையரின் தெருப் படங்களில் மனிதர்கள் சற்றே ஓங்கி நிற்பது லென்ஸ் அவருடைய நெஞ்சுக்குக் கீழே இருந்ததால். புகைப்படக் கலைஞர் ஃபான் ஹோ, தந்தை கொடுத்த ரோலிஃபிளெக்ஸைக் கொண்டே 1950களின் ஹாங்காங்கை எடுத்தார். பிறகு இருட்டறையில் அந்தச் சதுரத்தைத் தயங்காமல் வெட்டி, நெடிய படங்களாகவும் அகன்ற படங்களாகவும் ஆக்கினார். சதுரத்தைத் தொடக்கூடாத விதியாக்குபவர்கள் அவருடைய படங்களைப் பார்க்க வேண்டும். 120 ரோலில் 12 படம். ஒவ்வொரு நெகட்டிவும் 56 மி.மீ. சதுரம், 35 மி.மீ. நெகட்டிவைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. வெட்டிய பிறகும் மிச்சம் நிறையவே இருக்கும்.

இனி தேர்வு. மமியா சி330ஐத்தான் முதலில் கொடுப்பேன். மட்டமான கருவி என்பதால் இல்லை. லென்ஸ் ஜோடியையே கழற்றி மாற்ற இந்த இனத்தில் மமியாவை விட்டால் வேறு வழி அநேகமாகக் கிடையாது, 55 மி.மீ.யிலிருந்து 250 வரை ஜோடிகள் உண்டு. துருத்தியை நீட்டி முகத்தின் வெகு அருகே போகலாம். புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் ரோலியிலிருந்து மமியா சி33க்குப் போனார் என்றால், மனிதர்களை அவ்வளவு கிட்டத்தில் எதிர்கொள்ள நினைத்தவருக்கு அது பொருந்தியிருக்கிறது. ஆனால் லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஸ்டாண்டில் ஏற்றி ஸ்டூடியோவில் வைப்பவருக்கு அது சொத்து. தெருவில் நடப்பவர் அதை வீட்டிலேயே விட்டுப் போவார்.

யாஷிகா மேட் 124ஜியைக் கொடுக்க மனம் வராது. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் எத்தனையோ கல்யாண ஆல்பங்களை யாஷிகாவில்தான் எடுத்தார்கள். லீஃப் ஷட்டர் என்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். மண்டபத்து வேலைக்கு அது பெரிய வசதி. அதன் யாஷினான் லென்ஸ் எஃப் 8க்கு மேல் மூடினால் யாருக்கும் சளைத்ததில்லை. முழுதாய்த் திறந்தால் மூலைகள் நெகிழும். மீட்டர் கேட்கும் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. நல்ல வெயிலில் அப்பர்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் வேக எண் என்ற பழைய கணக்கு தெரிந்தவருக்கு அது ஒரு குறையே இல்லை. முதல் கேமரா வேண்டும் என்று கேட்கும் இளைஞருக்கு இதைத்தான் கொடுப்பேன்.

மிஞ்சுவது இரண்டு: டெஸார் லென்ஸ் பூட்டிய ரோலிஃபிளெக்ஸ் ஆட்டோமேட், 1955இல் ஜப்பானில் வந்த மினோல்டா ஆட்டோகார்ட். இரண்டுக்கும் 75 மி.மீ., எஃப் 3.5, நான்கு கண்ணாடி கொண்ட லென்ஸ். பிரிண்ட்டை வைத்துக்கொண்டு எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம். ஆகவே லென்ஸை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கையை வைத்துத்தான் எழுத வேண்டும்.

ரோலியின் இயந்திர நேர்த்திக்கு ஈடு கிடையாது. 1937இல் வந்த ஆட்டோமேட்டில் ஃபிலிமின் தாளை இரண்டு உருளைகளுக்கிடையே கொடுத்து மூடிவிட்டால் போதும். தாளோடு ஃபிலிம் ஒட்டியிருக்கும் இடத்தின் தடிப்பை அந்த உருளைகள் உணர்ந்து, முதல் படத்தில் தாமே நிற்கும். கைப்பிடியை முன்னால் சுற்றினால் ஃபிலிம் நகரும், பின்னால் திருப்பினால் ஷட்டர் ஏறும். அந்த இரண்டு அசைவிலும் ஒரு சொரசொரப்பு இருக்காது. எண்பது வயதான ஆட்டோமேட்டைச் சுற்றிப் பார்த்தவர் பிறகு எந்த எந்திரத்தையும் லேசில் மெச்சமாட்டார்.

இருந்தும் நான் வைத்துக்கொள்வது ஆட்டோகார்டை. ரோலியில் ஃபோகஸ் குமிழ் பக்கவாட்டில் இருக்கிறது. ஒரு கை அதற்குப் போனால் கேமராவின் கனம் மறு கையில் இறங்கும். ஆட்டோகார்டில் லென்ஸுக்கு அடியில் ஒரு சிறு நெம்பு. அடிப்பாகத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியபடியே ஒரு விரலால் அதை இடமும் வலமும் தள்ளலாம். நடந்து வருபவரின் முகத்தைத் திரையில் பிடித்துக்கொண்டே வரலாம். கனம் எந்தக் கைக்கும் மாறாது. மங்கிய வெளிச்சத்தில் ஷட்டரை 1/15க்கு இறக்கினாலும் படம் கலங்காமல் வருவதற்கு இந்தப் பிடிமானம்தான் காரணம்.

இன்னொன்று, ஃபிலிம் போகும் பாதை. ரோலியில் அடியறையிலிருந்து கிளம்பும் ஃபிலிம் ஒரு மூலையில் மடிந்து மேலேறுகிறது. ரோலை முடிக்காமல் சில நாள் வைத்துவிட்டால் அந்த மடிப்பு ஃபிலிமில் பதிந்து, அடுத்த படத்தில் தட்டையாகப் படியாமல் நிற்கும். ஆட்டோகார்டில் ஃபிலிம் மேலிருந்து நேராக இறங்கி, படம் விழுந்த பிறகுதான் மடிகிறது. அவசரமில்லாமல், ஒரு ரோலை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

அந்த நெம்புதான் அதன் பலவீனமும். உடையக்கூடிய வார்ப்பு உலோகம் அது. கிரீஸ் இறுகிய கேமராவில் பலவந்தமாகத் தள்ளினால் கையோடு வந்துவிடும், மாற்றுக்குக் கிடைப்பதும் அரிது. வாங்கும்போது ஒற்றை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் அத்தோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஷட்டரை ஒரு நொடியில் வைத்து காதருகே ஓடவிடுங்கள். உள்ளே பல்சக்கரத்தின் இரைச்சல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராக வர வேண்டும். நடுவில் திணறினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. பின்மூடியைத் திறந்து, அப்பர்சரை முழுதாய்த் திறந்து, ஷட்டரை ‘பி’யில் பிடித்தபடி டார்ச் அடித்தால் ஃபங்கஸின் நூலிழைகள் தப்பாமல் தெரியும்.

ரோலியைக் கொடுப்பதென்று முடிவானால், அதோடு வந்த பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். டெஸார் ஆட்டோமேட்டின் மஞ்சள் ஃபில்டர், வெயில் மறைப்பு, கிட்டத்தில் எடுக்க உதவும் ரோலைனார் ஜோடி ஆகியவை ‘பே 1’ என்ற அளவில் இருக்கும். ஆட்டோகார்டின் லென்ஸிலும் அதே அளவுதான். வாங்குபவர் குறிப்பாகக் கேட்காவிட்டால் மஞ்சள் ஃபில்டரை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மேகங்களைக் கருப்பு வெள்ளையில் எடுக்க அது இல்லாமல் முடியாது.