'ஃபார்' யாருக்கு, 'டு' யாருக்கு: பாலாற்றங்கரையில் ஒரு இலக்கணக் குறிப்பு

ஸ்போக்கன் இங்கிலீஷ் கைடு எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். ரெஸ்பான்சிபிள் வந்தா 'ஃபார்', லையபிள் வந்தா 'டு', ஃப்ரீ வந்தா 'ஃப்ரம்'. மனப்பாடம் பண்ணு, கோடிட்ட இடத்தை நிரப்பு, அவ்வளவுதான். பட்டியல் தப்புன்னு சொல்லவில்லை. பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

ரெஸ்பான்சிபிளையே எடுத்துக்குங்க. 'ஃபார்' போட்டால் பின்னால் வருவது நடந்த காரியம். 'டு' போட்டால் பின்னால் வருவது கணக்குக் கேட்கிற ஆள். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கு' உருபுதான். நஷ்டத்துக்கு ஆலை பொறுப்பு என்கிறோம்; அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பு என்றும் சொல்கிறோம். அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவில் இந்த இரண்டாவதற்கு 'டு'தான் இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நான் புரட்டிய கைடுகள் எதுவும் அந்த 'கு'வைப் பற்றி வாயே திறக்கவில்லை.

லையபிள் இன்னும் வழுக்கும். 'லையபிள் டு பிரேக்' என்றால் உடையக்கூடும். 'லையபிள் டு பே' என்றால் கட்டியே ஆகணும். 'லையபிள் ஃபார் டேமேஜ்' என்றால் சேதத்துக்கு ஈடு சொல்லணும்.

இதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் வேலூரை விட்டு வெளியே போக வேண்டாம். தோல் ஆலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுசாகவோ 'அன்ஃபிட் ஃபார் கல்டிவேஷன்' என்ற கணக்கு அதில் வருகிறது. கெடுத்தவனே கட்டணும் என்ற கொள்கைக்கும் அங்கே விளக்கம் உண்டு: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெட்ட சூழலைச் சீராக்கும் செலவு, இரண்டும் ஆலையின் தலையில். ஆக, 'ஃபார்' எதற்கு என்பது அன்றைக்கே தெளிவு. 'டு'வுக்குப் பின்னால் இருந்த குடும்பங்கள்தான் காத்திருந்தன. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது: இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுக்கட்டும், பிறகு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று. நடுவில் 28 வருஷம். கோடிட்ட இடத்தை நிரப்புகிற பயிற்சியில் இந்த வித்தியாசத்துக்கு அரை மார்க்.

ஆம்பூர் பக்கம் ஏற்றுமதிக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஃப்ரீ 'ஆஃப்'பா, 'ஃப்ரம்'மா என்று கைடு மல்லுக்கட்டும். தோல் விஷயத்தில் எதைப் போட்டாலும் குடி முழுகாது. முழுகுவது வேறு இடத்தில். 'குரோம்-ஃப்ரீ' என்றால் குரோம் உப்பே போடாமல் பதனிட்ட தோல். 'ஃப்ரீ ஆஃப் குரோமியம் சிக்ஸ்' அப்படியில்லை. அது குரோமில் பதனிட்ட வெட்-ப்ளூவாகவே இருக்கலாம், ஆறாம் வகைக் குரோமியம் மட்டும் இருக்கக் கூடாது. தோலில் படுகிற தோல்பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்கக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதில் பாஸான வெட்-ப்ளூ சரக்கை 'குரோம்-ஃப்ரீ' என்று எழுதி அனுப்பினால், வாங்குகிறவர் கேட்காத ஒரு வாக்கை நாமே கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு லையபிள் யார் என்று அப்புறம் தேட வேண்டாம்.