பூமித்தாயும் கண்ணகி வழக்கும்

வைகாசி மாதத்தில் களுவாஞ்சிக்குடியைச் சூழ்ந்த வாவிக்கரை ஊர்களுக்குச் சென்றோர், கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கின் செல்வாக்கை அறிவர். வெம்மையும் நோயும் மிகும் காலம் அது. சினத்தால் கொதிக்கும் தெய்வம் குளிர்ந்தால் மண்ணும் மக்களும் குளிர்வர் என்பது நம்பிக்கை. இன்று விஞ்ஞானத்தின் பெயரால் வழங்கும் கருத்தொன்று இதனை வெகுவாக நெருங்கி வருகிறது. பூமி முழுவதும் ஓர் உயிர். அதற்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்பதே அது. இதனை எவ்வளவு தூரம் ஏற்கலாம்?

1960களில் செவ்வாய்க் கிரகத்தில் உயிருண்டா என ஆராயும் பணியில் ஈடுபட்ட ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக், கிரகங்களின் வளிமண்டலங்களை ஒப்பிட்டார். செவ்வாயிலும் வெள்ளியிலும் இருப்பது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. பூமியிலோ ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். உயிர்களின் இடையறாத தொழிற்பாடின்றி இந்நிலை நீடிக்க முடியாது. 1974 இல் அவரும் லின் மார்குலிசும், உயிரினங்கள் கூட்டாக வளிமண்டலத்தைச் சீர்ப்படுத்துகின்றன என எழுதினர். கிரேக்கப் பூமித்தெய்வமான கையாவின் பெயரை அக்கருத்துக்கு எடுத்துக் கொடுத்தவர் வில்லியம் கோல்டிங் என்னும் நாவலாசிரியர். சோவியத் அறிஞர் வெர்னாத்ஸ்கி, 1926 இலேயே உயிர்மண்டலம் பற்றிய தமது நூலில், உயிர் புவியை மாற்றியமைக்கும் பெருஞ்சக்தி என்று காட்டியிருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஆயினும் மாற்றியமைப்பது வேறு, உயிராயிருப்பது வேறு. பூமி இனம்பெருக்குவதில்லை; போட்டியிட்டுத் தேர்வாவதுமில்லை; பிறகெவ்வாறு அது உயிராகும் என 1980களின் தொடக்கத்தில் டூலிட்டில், டோக்கின்ஸ் ஆகியோர் வினவினர். 1983 இல் லவ்லொக்கும் வொட்சனும் ஒரு கற்பனைக் கிரகத்தைக் கணித்து விடையளித்தனர். அங்கு கருநிறப் பூக்கள் வெப்பத்தை உறிஞ்சும். வெண்ணிறப் பூக்கள் அதனைத் திருப்பியனுப்பும். எவருடைய நோக்கமுமின்றி வெப்பம் சீராகிறது. நாம் ஏற்கத்தக்கது இதுவே: ஒழுங்கு உண்டு, உள்ளம் இல்லை.

நமது வாவியே இதற்குச் சான்று. கண்டல் வேர்கள் சேற்றைப் பற்றிப் பிடிக்கின்றன. இறாலும் மீன்குஞ்சும் அங்கே ஒதுங்கி வளர்கின்றன. அவற்றை நம்பி மீனவன் வாழ்கின்றான். இவ்வுறவை அறிய, வாவியைத் தாய் என்று அழைக்க வேண்டியதில்லை.

அவ்வாறு அழைப்பதில் என்ன தீங்கு? தாய்க்குச் சினமும் வரும் என்பதே தீங்கு. 2004 டிசம்பர் 26 இல் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தை ஆழிப்பேரலை விழுங்கியபோது, கடல்தாய் கோபித்தாள் என்றனர். சுமாத்திராவுக்கு அப்பால் புவித்தட்டு பெயர்ந்தமையே காரணம். அத்தட்டுக்குச் சினமில்லை. எனினும் 2006 இல் வெளியான தம் நூலுக்கு லவ்லொக்கே ‘கையாவின் பழிவாங்கல்’ எனத் தலைப்பிட்டார். பழிவாங்கல் என்றதும் குற்றவாளி ‘மனித குலம்’ முழுவதுமாகி விடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 ஆயிருந்த காபனீரொட்சைட்டை 420க்கு மேல் உயர்த்திய பெருந்தொழில் முதலாளியும், வாவியில் தோணி வலிக்கும் மீனவனும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுகின்றனர். இது விஞ்ஞானமன்று; நீதியுமன்று.

இங்கேதான் மட்டக்களப்பு மக்களின் மரபு கையாவை விட ஒருபடி முன்னே நிற்கிறது. குளிர்த்திக்கு முன் அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அவளது வெம்மை காரணமற்ற தெய்வக் கோபமன்று. ஆராயாது கொலைத்தண்டனை விதித்த அரசனது அநீதியால் மூண்டது. வழக்குரைத்த பின்னரே குளிர்த்தி. சடங்கின் நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதன் ஒழுங்குமுறையை ஏற்கலாம்.

பூமி உயிருள்ளதா என்னும் வினாவை உயிரியலார் தொடர்ந்து ஆராயட்டும். பூமியின் வெம்மையைத் தணிக்க முனைவோர் முதலில் கேட்கவேண்டியது வேறு: இவ்வழக்கில் எதிரி யார்? அதை உரைக்காமல் எடுக்கும் குளிர்த்தி எதையும் குளிர்விக்காது.