தொடக்கத்தைத் தேடிய பள்ளிகள்

கோயில் திருவிழாவில் மேளம் கேட்டுப் பழகிய தீவகத்துச் சரவணை மக்களுக்குப் பாணி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இராகம் ஒன்றுதான், அதை விரிக்கும் விதத்தில் ஒவ்வொரு பரம்பரையும் வேறுபடும். பிரபஞ்சத்தின் தொடக்கத்தை ஆராய்ந்தவர்களிடமும் அப்படிப் பாணிகள் உண்டு. 1915இல் ஐன்ஸ்டைன் தந்த பொதுச் சார்புக் கொள்கை எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதையும் அதனோடு ஒட்டிய துறைகளையும் நம் பக்கத்தில் கையாண்ட பள்ளிகள் எவை, அவற்றுக்குப் பொதுவான தரம் எது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் நமக்கு மிக அண்மையில் உள்ள பள்ளி; அதன் வேர் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. சிறப்புச் சார்புக் கொள்கைக்கு இசைவான இலத்திரன் சமன்பாட்டை 1928இல் போல் டிராக் எழுதினார். அது எதிர்பாராத விடைகளையும் சேர்த்துத் தந்தது. அவற்றைத் தள்ளிவிட மனமில்லாத டிராக், இலத்திரனின் திணிவும் நேரேற்றமும் கொண்ட துணிக்கை ஒன்று இருக்கவேண்டும் என்று 1931இல் கூறினார். அடுத்த ஆண்டே காள் அண்டர்சன் அதை அண்டக் கதிர்களில் கண்டார். எதிர்ச்சடப்பொருள் அறிவியலுக்குள் வந்த வழி இது.

அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் பயின்றவர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் மாணவர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001). கதிர்வீசியபடி நேராகப் புரோத்தனை நோக்கி விழும் இலத்திரனுக்கு என்ன நேரும் என்று அவர் 1943இல் கணித்தார். சக்தியை இழந்து மோதும் என்றுதான் எவரும் நினைப்பர். கதிர்வீசும் இலத்திரனுக்குத் தம் ஆசான் எழுதிய வேறொரு சமன்பாட்டின்படி அது மோதவே மோதாது, திரும்பி மேன்மேலும் வேகமெடுத்து ஓடிவிடும் என்று எலியேசர் நிறுவினார். அந்தச் சமன்பாட்டுக்கு இடரான விடையை மறைக்காமல் வெளியிட்டார்; பின்னர் மாற்றுச் சமன்பாடு ஒன்றையும் முன்வைத்தார். இலங்கை, மலாயா, மெல்பேர்ண் லட்ரோப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக விளங்கினார்.

அடுத்தது ஈர்ப்பின் கேத்திரகணிதத்தை முதன்மையாகக் கொண்ட பள்ளி. காசியில் வி. வி. நார்லிகரின் வழிகாட்டலில் பி. சி. வைத்யா, ஒளி உமிழும் விண்மீனைச் சூழ்ந்த ஈர்ப்புப் புலத்துக்குத் துல்லியமான தீர்வை 1943இல் கண்டார். கல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் இன்னும் ஆழமாகச் சென்றார். எல்லாத் திசையிலும் ஒரே சீரான பிரபஞ்சம் என்ற எடுகோளை விட்டுவிட்டாலும், சடப்பொருள் சுழலாதிருக்கும்வரை, பின்னோக்கிப் போனால் அடர்த்தி எல்லையற்றுப் பெருகும் ஒரு கணத்தைத் தவிர்க்க முடியாது என்று காட்டினார். இத்தகைய நிலைகளைத் தவிர்க்க முடியாது என்ற தங்கள் தேற்றங்களைப் பென்றோசும் ஹோக்கிங்கும் எழுப்பியதில் அவருடைய சமன்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. ராய்சௌதுரியின் சிறப்பு, முடிவோடு அதன் நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னது.

விண்மீன்களின் முடிவை ஆராய்ந்த பாணியும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே வெண்குறு விண்மீன்களின் கணக்கில் சார்புக் கொள்கையைப் புகுத்தினார். சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டவை அந்நிலையில் நிலைக்க முடியா என்ற முடிவு வந்தது. 1935இல் வானியலாளர் எடிங்டன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். சந்திரசேகர் கணக்கைக் கைவிடவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது.

பூனாவின் ஜயந்த் நார்லிகர், வி. வி. நார்லிகரின் மகன், ஃபிரெட் ஹொயிலுடன் சேர்ந்து தொடக்கமே இல்லாத பிரபஞ்சத்துக்காக வாதாடியவர். 1965இல் நுண்ணலைப் பின்னணிக் கதிர்ப்பு கண்டறியப்பட்டபின் பெரும்பாலோர் பெருவெடிப்பின் பக்கம் போனார்கள். அவர் தம் மாற்றுக் கருத்தை விடவில்லை. ஆயினும் 1988இல் அவர் நிறுவிய ஆய்வு மையத்தில் பெருவெடிப்பை ஏற்றவர்களும் தடையின்றி வளர்ந்தார்கள். ஒரு பள்ளிக்கு இதைவிடப் பெரிய பண்பு வேண்டுமா?

பரிசோதனைப் பள்ளியின் களம் கோலார் தங்கவயல். தொடக்கத்தில் சடமும் எதிர்ச்சடமும் சம அளவில் இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து ஒளியாகியிருக்கும், நாம் இருக்கமாட்டோம். கோடிக்கணக்கான சோடிகளுக்கு ஒரு துணிக்கை என்ற சிறு மிச்சமே இன்றைய உலகம். அந்த மிச்சம் வரத் தேவையான நிபந்தனைகளை இயற்பியலாளர் சகரோவ் 1967இல் வகுத்தார். சடத்துணிக்கைகளின் நிகர எண்ணிக்கை மாறமுடியும் என்பது அவற்றுள் ஒன்று. அப்படியானால் புரோத்தனும் அழியலாம். தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக உழைத்த அச்சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீற்றர் ஆழத்தில், 1980களில் இந்திய, யப்பானிய அறிஞர்கள் அந்த அழிவைத் தேடினார்கள். சில தடயங்கள் கிடைத்ததாகக் கருதினார்கள். பின்வந்த பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை.

இப்பள்ளிகளின் பொதுத் தரம் மூன்று. சமன்பாட்டை அதன் முடிவுவரை தொடர்வது, எடுகோளை வெளிப்படையாகச் சொல்வது, அளவீட்டுக்குப் பணிவது. மூன்றாவதன் அருமையை 2023 காட்டியது. எதிர்ச்சடப்பொருள் மேல்நோக்கி விழுமோ என்று சிலர் கேட்டுவந்தார்கள். ஜெனீவாவின் சேர்ண் ஆய்வகத்தில் எதிர் ஐதரசன் அணுக்களை விழவிட்டுப் பார்த்தபோது அவை கீழேதான் விழுந்தன. ஐன்ஸ்டைனின் கொள்கையும் அதையே எதிர்பார்க்கிறது.

சடம் ஏன் மிஞ்சியது என்ற கேள்வி மட்டும் இன்றும் தீரவில்லை. ஆகவே தீவகத்தில் உயர்தர இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்பேன். பிள்ளைக்கு ஒவ்வாத விடை வந்தால், அதை வெட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகச் சொல்லாதீர்கள். ஏன் வந்தது என்று தேட நேரம் கொடுங்கள். டிராக்கும் எலியேசரும் புகழ்பெற்றது அத்தகைய விடைகளைக் கைவிடாததால்தான்.