ஆபத்தில்லாத ஆட்டம்

பரிசும் மரணமும் ஓர் இசைத்தட்டைச் சூழ்ந்துகொண்டுவிட்டால், அதைப் பற்றி நிதானமாக அபிப்பிராயம் சொல்வது விமரிசகனுக்குச் சங்கடமான காரியமாகிவிடுகிறது. ‘சக்தி’ கோஷ்டியார் 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்ட ‘திஸ் மொமெண்ட்’ என்னும் தொகுப்புக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருது கிட்டியது. அந்த ஆண்டு முடியுமுன்னரே, டிசம்பர் 15ஆம் தேதி, கோஷ்டியின் தபலா மேதை ஜாகிர் ஹுசேன் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் காலமாகிவிட்டார். இத்தகைய சந்தர்ப்பத்தில் அஞ்சலி செலுத்துவது சுலபம். எனினும், ஆடுகிறவர் எத்துணைப் பெரியவராயினும் ஆட்டத்தை ஆட்டமாகவே பார்ப்பது இப்பகுதியின் தர்மமாகையால், அந்தத் தர்மத்தையே இன்றும் கைக்கொள்கிறேன்.

இக்கோஷ்டியின் முதல் இசைத்தட்டு, 1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள ஒரு கல்லூரியில், ரசிகர்களின் முன்னிலையில் நடந்த கச்சேரியின் நேர்ப்பதிவு. மின்கிதாரின் பேரோசையால் உலகப் புகழ் பெற்றுவிட்ட யார்க்‌ஷயர்க்காரரான ஜான் மெக்லாஃப்லின், அந்தப் புகழை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்று, கமகம் பேசுவதற்கு வசதியாக மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழித்த கிதார் ஒன்றையும் இக்கோஷ்டிக்கென்றே செய்வித்துக்கொண்டவர். அவருக்கு எதிரே பிடிலுடன் அமர்ந்தவர் எல். சங்கர், தாளத்துக்கு ஜாகிர் ஹுசேனும், கடத்தில் விக்கு விநாயக்ராமும், மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவனும். முதல் உருப்படியான ‘ஜாய்’ பதினெட்டு நிமிஷங்கள் ஓடுகிறது. அந்தப் பதினெட்டு நிமிஷங்களிலும், கிதார் ஒன்றை எறிய பிடில் அதைப் பிடித்து இரட்டிப்பு வேகத்தில் திருப்பி எறிய, இருவரில் ஒருவர் எந்தக் கணத்திலும் இடம் தவறிவிடக்கூடும் என்னும் அச்சம் கேட்பவனை நாற்காலியின் விளிம்புக்கு இழுத்துவிடுகிறது. சுருதி சற்றுக் கலைந்த இடங்கள் உண்டு. அளவுக்கு மீறிய வேகம் என்று வித்வான்கள் முகம் சுளிக்கத்தக்க இடங்களும் உண்டு. ஆயினும் அந்த ஆபத்தே அந்த இசையின் ஜீவன்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப்பின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான புதிய தொகுப்போ, கொள்ளை நோய்க் காலத்தில், கலைஞர்கள் தத்தம் ஊர்களில் இருந்தபடியே தங்கள் பகுதிகளை வாசித்து ஒருவருக்கொருவர் அனுப்பி, அடுக்கடுக்காகச் சேர்த்து நிறைவு செய்யப்பட்டது. எட்டு உருப்படிகளிலும் பிசிறு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அதுவே என் குறையும். எதிராளியின் கண்ணைப் பார்த்து ஆடும் சதுரங்கத்துக்கும் தபாலில் காய் நகர்த்தி ஆடும் சதுரங்கத்துக்கும் உள்ள பேதம் இங்கே துலக்கமாகத் தெரிகிறது: நகர்த்தல்கள் யாவும் உயர்ந்தவை, வியர்வை மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, மெக்லாஃப்லின் பல இடங்களில் கிதாரின் நாதத்தை மின்கருவியின் துணையால் மெழுகிவிடுகிறார். தந்தியை விரல் தொடும் ஓசைக்காகவே அவரைக் கேட்டு வந்தவர்களுக்கு இந்த மெழுகுபூச்சு ஒவ்வாது.

ஆனால் லய விவகாரத்தில் இந்தக் குறை பெருமளவு மறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விக்கு விநாயக்ராமின் புதல்வர் செல்வகணேஷ் கஞ்சிராவும் கடமும் மிருதங்கமும் கையாண்டு, வாயால் கொன்னக்கோலும் சொல்லி, தந்தை தொடங்கிய சம்பாஷணையை ஜாகிருடன் தொடர்கிறார். பல்லாண்டுகள் ஒரே மேடையில் அமர்ந்து பழகிய இருவர், தூரத்தில் இருந்தாலும், மற்றவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பதை அறிந்தே வாசிக்கிறார்கள். தபலா இங்கே தன் சாமர்த்தியத்தைப் பறைசாற்றுவதில்லை. பாடுகிறவருக்குப் பாயை விரித்து ஒதுங்கி நிற்கிறது. ஜாகிரின் வேகத்தை வியந்தவர்கள் அநேகர். அவருடைய அடக்கத்துக்கு இத்தொகுப்பு நல்ல சாட்சி. பாடகர் சங்கர் மகாதேவனின் குரல் அநாயாசமாக மேலேறுகிறது, சில இடங்களில் திரைப்பாட்டின் இனிமையை மறக்க மாட்டாமல்.

2014இல் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸுக்குச் சமர்ப்பணமான முதல் உருப்படி ‘ஸ்ரீனீஸ் ட்ரீம்’. கோஷ்டியில் அவர் இருந்த இடத்தை நிரப்புவதற்கு வேறொரு மாண்டலினைத் தேடாமல் பிடிலைக் கொண்டுவந்தது விவேகமான தேர்வு. கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலனே கோஷ்டிக்குப் புதியவர்; எல். சங்கரோடு தம்மை ஒப்பிடுவார்கள் என்று அறிந்திருந்தும், அந்தப் பந்தயத்தில் இறங்க அவர் மறுத்துவிடுகிறார். ‘மோகனம்’ என்னும் உருப்படியில் அவர் அவசரப்படுவதேயில்லை. ஒரு ஸ்வரத்தில் நின்று அதன் ரசம் முழுதும் இறங்கிய பின்னரே அடுத்ததற்கு நகர்கிறார். கோஷ்டியின் மூத்தவர்கள் இருவரும் தங்களுக்குப் பழக்கமான பாதையில் நடக்கையில், எதையேனும் இழக்க நேரலாம் என்னும் பிரக்ஞையுடன் வாசிப்பவர் அவர் ஒருவரே. என் கணக்கில் இத்தொகுப்பின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.