கேள்விக்கு நேரமில்லாத கருத்தரங்கு

சூழல் நச்சியலில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்கள் கோவையில் கூடினால், அவர்கள் பேச வேண்டிய பொருள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், கோவையின் சாக்கடையையும் திருப்பூரின் சாயத்தையும் சுமந்து காவிரிக்குப் போன ஆறு. பாசனத்துக்கென அதன் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஒரு பக்கம் ஆயக்கட்டு விவசாயிகள் நின்றார்கள். மறுபக்கம் பல்லாயிரம் தொழிலாளர்களின் பிழைப்பு. இந்த மண்ணில் ஆய்வு மாணவர் மேடையில் சொல்லும் ஓர் எண், நாளை வழக்குக் கட்டுக்குள்ளும் போய்ச் சேரலாம்.

இத்தகைய கூடல்களால் பெரிய நன்மை உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணைச் சோதிப்பவரும், பாரதியார் பல்கலைக்கழகத்தில் மீனை வைத்து ஆய்பவரும், ஆனைக்கட்டி சாலிம் அலி மையத்தில் இறந்த பறவையின் ஈரலில் பூச்சிமருந்து எச்சம் தேடுபவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான். ஆனால் கருத்தரங்கு இல்லையென்றால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். போஸ்டர் அமர்வில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. "தொட்டியில் எவ்வளவு சாயம் ஊற்றினீங்க என்று எழுதியிருக்கீங்க, தண்ணீரில் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்று அளந்தீங்களா?" என்று சக மாணவர் கேட்கிறார். சாயம் கண்ணாடியிலும் அடிவண்டலிலும் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. நெறியாளர் கேட்கத் தவறிய கேள்வி அது.

அரங்குக்குள் நிலைமை வேறு. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை என்று தொடக்க விழா நண்பகலைத் தொடுகிறது. இழந்த நேரத்தை எங்கே ஈடுகட்டுகிறார்கள்? மாணவரின் பத்து நிமிடம் ஐந்தாகிறது, கேள்வி நேரம் அடியோடு போகிறது. இதை நிர்வாகக் குறையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பாதி மீன்கள் சாகும் செறிவை 96 மணி நேரத்தில் கணிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். சாயமே கலக்காத ஒப்பீட்டுத் தொட்டியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மீன் செத்தால் அந்தச் சோதனை செல்லாது என்பது உலகெங்கும் உள்ள விதி. அந்தத் தொட்டியில் எத்தனை செத்தன என்று ஒருவராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழுதான எண்ணும் கைதட்டலோடு நூலில் ஏறிவிடும்.

இதற்கு ஒரு விதியும் துணை போனது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 நெறிமுறை, ஆய்வேட்டைத் தருமுன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றது. மாணவருக்குச் சான்றிதழ் தேவை, கல்லூரிக்குக் கூட்டம் தேவை. வாசித்ததைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பது பின்னுக்குப் போனது. 2022இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படும் குறை, அரங்கில் யார் இல்லை என்பது. 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சூழல் நச்சியல் மற்றும் வேதியியல் கழகம்’ கல்வித்துறை, தொழில்துறை, அரசு மூன்றுக்கும் சம இடம் என்பதைத் தன் அடிப்படையாகவே வைத்திருக்கிறது. நம் அரங்குகளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி விருந்தினராக வந்து தொடக்க உரையோடு கிளம்பிவிடுகிறார். சாயப்பட்டறைக்காரரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் பொறியாளரும் கண்ணில் படுவதே இல்லை. அந்த அமெரிக்க ஏற்பாட்டிலும் விவசாயிக்குத் தனி நாற்காலி கிடையாது. நாம் அதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டு நாள் கூட்டத்தில் ஒரு நாளை ஒரத்துப்பாளையத்துக்கு மாற்றலாம். போஸ்டரை அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டட்டும். "எங்க கெணத்துத் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாமுங்களா?" என்று ஒருவர் கேட்பார். 96 மணி நேர மீன் சோதனையில் அதற்குப் பதில் இல்லை. உப்பும் சாயமும் உலோகமும் கலந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்கும் மாட்டின் ஈரலில், பாலில் என்ன சேர்கிறது என்று அளந்தவரால்தான் பதில் சொல்ல முடியும். அப்படி அளக்கும் ஆய்வு அந்த மண்டபத்திலேயே தொடங்கட்டும்.