பிறந்த குழந்தைக்கு முதல் ஊசி: செங்கல்பட்டு ஆய்வும் அதன் பிறகும்

அரசு மருத்துவமனையில் பிறந்தாலும் தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும், குழந்தை வீட்டுக்கு வருவதற்குள் அதன் இடது தோளில் காசநோய்க்கான (டி.பி.) பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். 'டி.பி. ஊசி போட்டாச்சு' என்றதும் பெற்றோருக்கு நிம்மதி. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் நியாயமானது என்று உலகுக்கே அளந்து சொன்னது பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் அந்தக் கணக்கு இங்குள்ள தாய்மாரிடம் இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

இந்தியாவில் பி.சி.ஜி. பெருந்திட்டமாகப் பரவிய காலத்திலேயே அதைக் கேள்வி கேட்டவர் ராஜாஜி. 1955-இல் தன் எதிர்ப்பை நூலாகவே வெளியிட்டார். அவருடைய அச்சங்கள் பலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கோடிக்கணக்கானோருக்குப் போடும் முன் சான்று வேண்டும் என்று அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பெரிய அளவில் பதில் தேடும் வேலை 1968-இல், அவருடைய மாநிலத்திலேயே தொடங்கியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையுடனும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. களமாக இருந்த ஊர்களில் பெரும்பாலானவை இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அன்று எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம். 209 கிராமங்களிலும் 9 சிறு நகரங்களிலும் ஏறத்தாழ 2,60,000 பேர் பங்கேற்றார்கள். சிலருக்கு உண்மையான தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. ஏழரை ஆண்டு முடிவுகள் 1979-இல் வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்புத் தரவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வெளியானது. அதிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை; சிறுவர்களிடம் மட்டும் லேசான பலனுக்கான அறிகுறி தெரிந்தது, அதுவும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் இந்த ஊசி வீணா? இல்லை. அந்த ஆய்வில் ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. சளியில் கிருமி காணும் நுரையீரல் நோயைத்தான் அது முதன்மையாகத் தேடியது. பச்சிளங் குழந்தையைக் கொல்லும் காசநோய் வேறு மாதிரியானது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் புரதங்களோடு குழந்தை பிறக்கிறது. அவை பல தொற்றுகளைத் தடுக்கும். காசநோய்க் கிருமி உயிரணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்வதால் அந்தப் புரதங்களால் அதை எட்ட முடியாது. அதை அடக்க வேண்டிய வெள்ளையணுக்களோ முதல் வாரங்களில் இன்னும் பழகாதவை. அதனால் கிருமி ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் சிதறலாம், மூளை உறையைத் தாக்கலாம். பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது, கைகால் முடங்கிவிடுகிறது. பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2006-இல் வெளியான கணக்கீடு, மூளைக் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யின் திறன் 73 விழுக்காடு என்கிறது. உடலெங்கும் பரவும் காசநோய்க்கு அது 77. இந்த ஒரு காரணமே போதும், இந்த ஊசியைக் கைவிடக் கூடாது என்பதற்கு.

குறை, ஊசி போட்ட பிறகு தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோளில் சிறு கொப்புளம் எழும், பழுக்கும், உடையும், பொருக்குத் தட்டி, சில வாரங்களில் தழும்பாகும். உடம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும்? பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் தோளில் சீழ் கண்டால் தாய் பதறுவாள். 'ஊசி செப்டிக் ஆயிடுச்சு' என்று யாராவது சொல்ல, மஞ்சள் பூசுவார்கள், எண்ணெய் தடவுவார்கள், பிதுக்குவார்கள், கடையில் களிம்பு வாங்குவார்கள். எதுவும் தேவையில்லை. அக்குளில் நெறி கட்டிப் பெரிதாகிப் பழுத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது அரிது. அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய இதைச் சொல்லாமல் அனுப்புவது சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம்.

இன்னொரு சிக்கல் குப்பியில் இருக்கிறது. பி.சி.ஜி. பல குழந்தைகளுக்கான ஒரே குப்பியில் வருகிறது. கரைத்த பின் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பிறந்த இடத்திலேயே போடாமல் விட்டுப்போன குழந்தை, தடுப்பூசி நாளான புதன்கிழமைக்கும், போதிய குழந்தைகள் சேர்வதற்கும் காத்திருக்க நேரிடுகிறது. மருந்து வீணாகக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனாலும் இங்கே குழந்தையின் நாட்கள்தான் விலை உயர்ந்தவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த ஊசி தரும் தவறான தைரியம். செங்கல்பட்டு ஆய்வு சொன்னதன் பொருள், பெரியவர்களிடையே காசநோய் பரவுவதைப் பி.சி.ஜி. நிறுத்தாது என்பதே. குழந்தைக்குக் கிருமி வருவது பெரும்பாலும் வீட்டுக்குள் இருமும் பெரியவரிடமிருந்துதான். குழந்தையின் அட்டையில் ஊசியைக் குறித்துக்கொள்ளும் செவிலியர், வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று கேட்பதையும் கட்டாயமாக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்து, தாத்தாவோ சித்தப்பாவோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், நாளைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அங்கே அது இலவசம்.