மைக்ரோடிக் ஹெக்ஸ்: போகும் பாதையைத் திறந்து காட்டும் ரூட்டர்

கையகல வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, ஐந்து கிகாபிட் ஈதர்நெட் போர்ட்டுகள், ஒரு யு.எஸ்.பி. போர்ட். ஆன்டெனா கிடையாது, ஏனென்றால் வைஃபையே கிடையாது. லாட்வியாவின் ரீகா நகரைச் சேர்ந்த மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ் இது. மாடல் எண் ஆர்.பி.750ஜி.ஆர்.3. வைஃபை இல்லாத ரூட்டரைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ரூட்டரின் வேலை வைஃபை அல்ல. வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் எந்தப் பக்கம் தள்ளிவிடுவது என்று முடிவெடுப்பதுதான் அதன் வேலை. அந்த முடிவை எப்படி எடுக்கிறது என்பதை இந்தப் பெட்டி ஒளிக்காமல் காட்டுகிறது. இணைய இணைப்போடு இலவசமாக வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இதைப் பார்க்க முடியாது.

உள்ளே 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் சிப், 256 எம்.பி. ரேம், 16 எம்.பி. சேமிப்பு. மின்சாரம் 8 முதல் 30 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்கும். நம் ஊரில் இது பெரிய வசதி. சாதாரண 12 வோல்ட் மினி யு.பி.எஸ்ஸில் செருகிவிட்டால் கரண்ட் போனாலும் ரூட்டர் அணையாது.

முதல் போர்ட்டில் ஃபைபர் மோடத்தின் வயர், மற்ற நான்கில் நம் கணினிகளும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டும். வின்பாக்ஸ் என்ற மென்பொருளில் குவிக் செட் பக்கத்தைத் திறந்து, இணைப்பு நிறுவனம் தந்த பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் இணையம் வந்துவிடும். மோடத்தைப் பிரிட்ஜ் மோடில் வைத்துத் தரும்படி இணைப்பு தருபவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். உடனே ரூட்டர்ஓ.எஸ். மென்பொருளை அப்டேட் செய்து, நல்ல பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். 2018-இல் வின்பாக்ஸ் வழியாக ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் வந்த பிறகும் அப்டேட் செய்யாமல் விட்டவர்களின் ரூட்டர்கள் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றப்பட்டன.

இனி ஐ.பி. மெனுவில் ரூட்ஸ் என்பதைத் திறங்கள். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இருப்பது மூன்று வரிகள். 192.168.88.0/24 என்று ஒன்று: அந்த வரிசை முகவரிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இணைப்பு நிறுவனத்தின் ரூட்டருக்கு ஒன்று. மூன்றாவது 0.0.0.0/0, அதாவது மற்ற எல்லாமே, வெளியே போகும் இணைப்பின் வழியாக. உலகம் முழுக்க விரிந்த வலையமைப்பைப் பற்றி நம் ரூட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததை அடுத்த ரூட்டரிடம் கொடுத்துவிடுகிறது, அது தனக்கு அடுத்ததிடம். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் முழு வரைபடமும் வைத்திருக்கும் பெரிய நிறுவன ரூட்டர்களை அடைகிறது. அவற்றில் ஐ.பி.வி4 பாதைகள் மட்டுமே பத்து லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. அந்தப் பட்டியலை நிறுவனங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறைக்குப் பி.ஜி.பி. என்று பெயர், 1989-இல் தோன்றியது.

ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் எது ஜெயிக்கும்? குறுகலானது, அதாவது குறைவான முகவரிகளைக் குறிப்பது. விதி இவ்வளவு எளிமையானது, விளைவோ பயங்கரமானது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க 208.65.153.0/24 என்ற பாதையை அமைத்தது. அது வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22 என்ற அகலமான பாதை. உலகின் ரூட்டர்கள் குறுகலானதையே நம்பின. சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் பல நாடுகளில் கிடைக்கவில்லை. ஹெக்ஸிலும் அதே விதிதான். ஒரு குறிப்பிட்ட முகவரிக்குத் தனி வரி எழுதிப் பாருங்கள். அதற்குப் போகும் போக்குவரத்து மட்டும் உடனே வேறு பக்கம் திரும்பும்.

டூல்ஸ் மெனுவில் உள்ள டிரேஸ்ரூட்டும் அருமை. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் தலைப்பில் டி.டி.எல். என்ற எண்ணைச் சுமந்து செல்கிறது. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். டி.டி.எல்லை 1, 2, 3 என்று ஏற்றி அனுப்பினால் வழியில் உள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றாக முகம் காட்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வர் ஒன்றுக்கு ஓடவிட்டால், முதல் சில வரிகளில் ஒற்றை இலக்க மில்லிசெகண்டாக இருக்கும் நேரம், திடீரென்று முப்பதைத் தாண்டும். அந்தத் தாவல்தான் வங்கக்கடல். சென்னை–சிங்கப்பூர் கடலடி கேபிள் சுமார் 3,200 கி.மீ.; கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது, போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட். எந்தப் பிளானுக்கு மாறினாலும் இது குறையாது. நடுவில் ஒரு ரூட்டர் மட்டும் இழப்பு காட்டி, அடுத்தடுத்த வரிகள் சுத்தமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். அது பதில் சொல்வதில் சுணங்குகிறது, பாக்கெட்டைக் கடத்துவதில் அல்ல.

அலுவலகத்துக்கு வாங்குவோர் எதிர்பார்ப்பது இரட்டை இணைப்பு. முதல் இணைப்புக்கு டிஸ்டன்ஸ் 1, இரண்டாவதற்கு 2; சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. வயரைப் பிடுங்கினால் போக்குவரத்து உடனே மாறுகிறது. ஆனால் கோளாறு பெரும்பாலும் நம் வயரில் இருப்பதில்லை, நிறுவனத்தின் ரூட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அப்போது பக்கத்து ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ஹெக்ஸும் எல்லாம் நலம் என்றே நம்பும். இதற்கு வழி உண்டு. 8.8.8.8-க்கு முதல் இணைப்பின் வழியாக மட்டும், ஸ்கோப் 10 என்று, ஒரு பாதை எழுதுங்கள். பிறகு முதல் 0.0.0.0/0 வரிக்கு அந்த 8.8.8.8-ஐயே கேட்வேயாக்கி, டார்கெட் ஸ்கோப் 11 கொடுத்து, செக் கேட்வேயில் பிங் தேர்ந்தெடுங்கள். பத்து நொடிக்கு ஒருமுறை சோதிக்கும்; இரண்டு முறை பதில் வராவிட்டால் இரண்டாவது இணைப்புக்கு மாறும். அந்த 8.8.8.8-ஐ அலுவலகத்தின் டி.என்.எஸ்ஸாக வைக்காதீர்கள், முதல் இணைப்பு கெடும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். மாறும் நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் வீடியோ அழைப்பும் அறுபடலாம். வெளியுலகுக்குத் தெரியும் நம் முகவரியே மாறிவிடுகிறதே.

இணைப்பு நிறுவனம் ஹெக்ஸுக்குத் தரும் முகவரியையும் ஒருமுறை பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், அது 2012-இல் இணைப்பு நிறுவனங்களின் உள்புழக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட வரிசை. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று அர்த்தம். வீட்டு சி.சி.டி.வி.யை வெளியிலிருந்து பார்க்க எத்தனை போர்ட் ஃபார்வர்டு எழுதினாலும் நடக்காது. பொது முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. 16 எம்.பி. சேமிப்பில் ரூட்டர்ஓ.எஸ். 7-ஆம் பதிப்புக்கு இடம் நெருக்கடி. ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழி வேகத்தை நன்றாகவே கூட்டுகிறது. ஆனால் அந்த வழியில் போகும் பாக்கெட்டுகளுக்கு, ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று நாம் போடும் கட்டுப்பாடு பொருந்தாது. கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஃபாஸ்ட்டிராக்கை நிறுத்த வேண்டும், முழுச் சுமையும் அந்தச் சின்னச் சிப்பின் மேல் விழும். 300 எம்.பி.பி.எஸ். இணைப்பை அது தாங்கும். முழு கிகாபிட்டுக்கு மேல்வரிசை மாடலைத்தான் பார்க்க வேண்டும். மெனுக்கள் ஆரம்பத்தில் மிரட்டவும் செய்யும்.

செருகியதும் வீடு முழுக்க வைஃபை வர வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். இருபது பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும், நெட்வொர்க்கிங் படிக்கும் மாணவர்களுக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 2024-இல் இ50யு.ஜி. என்ற புதிய ஹெக்ஸ் 512 எம்.பி. ரேமும் கூடுதல் சேமிப்புமாக வந்திருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஹெக்ஸ்தான் என்பதால், அட்டைப்பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்துப் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.